யாருடைய காதுக்கு வாங்குகிறீர்கள்?





உங்கள் வீட்டு மேஜை டிராயரை ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்கிற இயர்போன், ரப்பர் தொலைந்துபோன இன்னொன்று, பழைய போனோடு வந்து கவர் பிரிக்காமலே கிடக்கிற ஒன்று, சார்ஜ் நிற்காத ப்ளூடூத் ஒன்று... அநேகமாக எல்லா வீட்டிலும் இப்படி ஒரு குவியல் இருக்கும். எல்லாவற்றுக்கும் கொடுத்த பணத்தைக் கூட்டிப் பார்த்தால், நல்லதாக ஒன்றே வாங்கியிருக்கலாமே என்று தோன்றும்.

ஏன் இப்படி ஆகிறது? ‘எந்த பிராண்ட் நல்லது, என்ன விலை’ என்றுதான் நாம் பேச்சையே ஆரம்பிக்கிறோம். யார் மாட்டிக்கொள்ளப் போகிறார்கள், எங்கே உட்கார்ந்து, எதைக் கேட்கப் போகிறார்கள் என்பதெல்லாம் பில் போட்ட பிறகுதான் நினைவுக்கு வருகிறது. இந்த வரிசையைத் திருப்பிவிட்டால் 500 ரூபாயிலும் நிறைவாகக் கேட்கலாம். திருப்பாவிட்டால் 30,000 ரூபாய் கொடுத்தும் குறை தீராது. இந்த மாதம் உங்களோடு பேச நினைத்தது இதைத்தான்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பா தினமும் தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் போய் வருகிறார். அம்மா சமைத்துக்கொண்டே பட்டிமன்றமோ கதையோ கேட்கிறார். மகளுக்கு ஆன்லைன் வகுப்பு. எட்டாவது படிக்கும் மகன் கீபோர்டு கற்றுக்கொள்கிறான். பாட்டிக்கு மாலை சீரியல். தீபாவளி ஆஃபரில் ஒரே மாடலில் ஐந்து வாங்கிவந்து ஆளுக்கொன்று கொடுத்தால் யாருக்குச் சரிப்படும்?

அப்பாவுக்கு வேண்டியது வெளிச் சத்தத்தை உள்ளே விடாத இயர்போன். காதுத் துவாரத்தில் ரப்பரோடு பொருந்தும் ‘இன்-இயர்’ வகை அவருக்கு ஏற்றது. காதின் வாயில் சும்மா உட்காரும் வகையை வாங்கிக்கொடுத்தால், ரயில் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும் என்று வால்யூமை ஏற்றிக்கொண்டே போவார்.

அம்மாவுக்கு இதற்கு நேர்மாறு. குக்கர் எத்தனை விசில் விட்டது என்று தெரிய வேண்டும். வாசலில் காலிங் பெல் அடித்தால் கேட்க வேண்டும். அடுப்படியில் ஒயர் தொங்குவதும் ஆபத்து. ஒயர் இல்லாத இயர்பட்ஸில் ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்டு, மற்றதைப் பெட்டியில் சார்ஜில் வைத்துவிடலாம். இப்போது வரும் பெரும்பாலான மாடல்கள் ஒற்றையாகவும் வேலை செய்யும். காதில் இருப்பதில் சார்ஜ் தீர்ந்தால் பெட்டியில் இருப்பதை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

மகளுக்குப் பாட்டைவிட மைக் முக்கியம். ‘மேம், கேக்குதா?’ என்று ஒவ்வொரு முறையும் கத்துகிற நிலை இருந்தால், எவ்வளவு பேஸ் இருந்து என்ன? வகுப்பு மணிக்கணக்கில் போவதால், காதுக்குள் திணிக்காமல் காதைச் சுற்றி மெத்தென்று உட்காரும், எடை குறைந்த ஹெட்போன் அவளுக்கு நல்லது.

மகனுக்கு ப்ளூடூத் வேண்டவே வேண்டாம். கீபோர்டில் கட்டையை அழுத்தும் நொடிக்கும் சத்தம் காதுக்கு வரும் நொடிக்கும் நடுவே ப்ளூடூத்தில் ஒரு தாமதம் இருக்கிறது. படம் பார்க்கும்போது ஆப் அதைச் சரிக்கட்டிவிடும். வாசிக்கும்போது சரிக்கட்ட வழியில்லை, தாளம் கெடும். அவனுக்கு ஒயர் ஹெட்போன்தான். பல கீபோர்டுகளில் தடிமனான 6.35 மி.மீ. துளைதான் இருக்கும். சாதாரண 3.5 மி.மீ. பின்னை அதில் செருக ஒரு சின்ன அடாப்டர் போதும். அக்கா படிக்கிற நேரத்திலும் அவன் தாராளமாகப் பயிற்சி செய்யலாம்.

பாட்டி? சீரியல் சத்தம் தெருமுனை வரை கேட்கிறது என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். இப்போதைய ஸ்மார்ட் டிவிகள் பலவற்றில் ப்ளூடூத் இருக்கிறது. மிருதுவான ஒரு ஹெட்போனை டிவியோடு இணைத்துக் கொடுத்தால், அவருக்கும் வசனம் தெளிவாகக் கேட்கும். பேத்திக்கும் படிக்க அமைதி கிடைக்கும். பொடிப் பொடியான இயர்பட்ஸைப் பெரியவர்கள் கையில் கொடுக்காதீர்கள். நடுங்கும் விரலால் எடுத்து மாட்டுவது கஷ்டம். கட்டிலுக்கடியில் விழுந்தால் தேடுவது அதைவிடக் கஷ்டம். ஒன்று மட்டும் கவனியுங்கள். வால்யூம் மாதாமாதம் ஏறிக்கொண்டே போகிறது என்றால் ஹெட்போனுக்கு முன்னால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

பார்த்தீர்களா? ஒரே வீட்டில் ஐந்து பேருக்கு ஐந்து தேவை. இதில் எதுவும் விலையைப் பற்றியது இல்லை.

விலை பேசுவதற்கு முன், காசே செலவில்லாத ஒரு விஷயம் இருக்கிறது. இன்-இயர் இயர்போன் வாங்கினால் கூடவே சின்ன கவரில் இரண்டு மூன்று ஜோடி ரப்பர்கள் வரும். பெரும்பாலோர் அந்தக் கவரைப் பிரிப்பதே இல்லை. செருப்பு வாங்கும்போது கால் அளவு பார்க்காமல் வாங்குவோமா? காது மட்டும் எல்லோருக்கும் ஒரே அளவா? ஒருவருக்கே வலது காதும் இடது காதும் கொஞ்சம் வேறுபடலாம்.

இதைச் செய்து பாருங்கள். வலது காதில் மாட்டும்போது இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், காது மடலின் மேல்பகுதியை மெதுவாக மேலும் பின்னுமாக இழுங்கள். துவாரம் கொஞ்சம் நேராகும். இயர்போனை லேசாகத் திருகியபடி உள்ளே வைத்துவிட்டு மடலை விடுங்கள். சுற்றியிருக்கும் ஃபேன் சத்தம் சட்டென்று குறைந்து, பாட்டின் கீழ்ச் சுருதிகள் எழுந்து வந்தால் அந்த அளவுதான் உங்களுக்கு. ஃபேன் சத்தம் அப்படியே இருந்தால் ரப்பர் சின்னது. வலித்தாலோ, பேசும்போது நழுவி வெளியே வந்தாலோ பெரியது. ‘இந்த இயர்போனில் பேஸே இல்லை’ என்று ஓரங்கட்டி வைத்த பலவற்றில் தவறு ரப்பரில்தான் இருக்கும். இடுக்கில் காற்று புகுந்தால் முதலில் தொலைவது பேஸ்தான்.

இனி பட்ஜெட்டுக்கு வருவோம். நான் சொல்லும் தொகைகள் தோராயமானவை. ஆஃபருக்கு ஆஃபர் மாறும். எந்தப் படியில் எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பது மட்டும் மாறாது.

ஆயிரம் ரூபாய்க்குள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஒயர் உள்ளதையே வாங்குங்கள். ப்ளூடூத் சிப், மூன்று பேட்டரிகள், சார்ஜ் பெட்டி எல்லாவற்றையும் அந்தத் தொகைக்குள் அடக்கினால் ஒலிக்கென்று என்ன மிஞ்சும்? ஒயர் இயர்போனில் கிட்டத்தட்ட முழுப் பணமும் ஒலிக்கே போகிறது. சார்ஜ் போடும் வேலையில்லை, தாமதம் இல்லை. எஃப்.எம். வசதியுள்ள போனில் ரேடியோ கேட்பவர்களுக்கு இன்னொரு லாபம் உண்டு: அந்த ஒயர்தான் ஆன்டெனா. ஒயர் செருகாவிட்டால் பெரும்பாலான போன்களில் எஃப்.எம். எடுக்காது.

வாங்கும் முன் உங்கள் போனில் வட்டமான 3.5 மி.மீ. துளை இருக்கிறதா, டைப்-சி மட்டும்தானா என்று பாருங்கள். டைப்-சி மட்டும் என்றால் அந்தப் பின்னோடு வருவதையே கேளுங்கள், அல்லது ஒரு கன்வெர்ட்டரும் சேர்த்து வாங்குங்கள். ஒயர் இயர்போன் சாவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: பின்னுக்குப் பக்கத்தில், ஒயர் இரண்டாகப் பிரியும் கவட்டில். ஒயரைப் பிடித்து இழுக்காமல் பின்னைப் பிடித்து எடுத்தாலே ஆயுள் கூடும். கே.இசட். போன்ற சீன நிறுவனங்கள் ஆயிரத்தை ஒட்டிய விலையிலேயே ஒயரைத் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய மாடல்களைத் தருகின்றன. ஒயர் போனால் ஒயரை மட்டும் வாங்கினால் போதும்.

1,500 முதல் 3,000 ரூபாய் வரை ஒயர் இல்லாதவற்றின் களம். இந்தப் படியில் நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் வசதிக்கானது. ஒலிக்கானது என்று நினைத்தால் ஏமாற்றம்தான் வரும். போன் அடிக்கடி பேசுபவரா, பொருளைத் தொலைப்பவரா? நெக்பேண்ட் வாங்குங்கள். கழுத்திலேயே கிடக்கும், பேட்டரியும் பெரிது. மார்க்கெட்டிங், டெலிவரி என்று நாள் முழுக்க அலைபவர்கள் இன்னும் அதை விடாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஓட்டம், ஜிம் என்று வியர்ப்பவர்கள் ஐ.பி.எக்ஸ்.4 அல்லது அதற்கு மேல் என்று பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். வியர்வையும் தூறலும் தாங்கும்.

5,000 முதல் 10,000 ரூபாய் என்பது பாட்டை உட்கார்ந்து கேட்பவர்களுக்கான படி. ஸ்டூடியோக்களில் பயன்படும் ஒயர் ஹெட்போன்களின் ஆரம்ப மாடல்கள் இங்கே தொடங்குகின்றன. பார்க்க அழகாக இருக்காது. சுருள் சுருளாக ஒயர் தொங்கும். கேட்டால் வாத்தியங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக நிற்கும். பயணம் அதிகம் என்றால் இதே தொகையில் வெளிச் சத்தத்தை அடக்கும் நல்ல இயர்பட்ஸும் கிடைக்கும்.

20,000 ரூபாய்க்கு மேல்? வாங்க முடிந்தவர்கள் வாங்கி அனுபவிக்கட்டும். ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஒயர் வகையில் 500-லிருந்து 2,000-க்குப் போகும்போது காதில் தெரியும் முன்னேற்றம், 10,000-லிருந்து 30,000-க்குப் போகும்போது தெரிவதில்லை. மேலே போகப் போக ஒவ்வொரு படிக்கும் பணம் அதிகம், பலன் கொஞ்சம். பின்பக்கம் திறந்த ‘ஓபன் பேக்’ ஹெட்போன்கள் அருமையான விசாலத்தோடு ஒலிக்கும். ஆனால் வெளிச் சத்தம் உள்ளே வரும், உங்கள் பாட்டு பக்கத்து ஆளுக்கும் கேட்கும். தனியறை இல்லாத வீட்டில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தவணையில் ஹெட்போன் வாங்க வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து. கையில் இருக்கிற பணத்துக்குள்ளேயே மனநிறைவு தருகிற பொருள் இது.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். இயர்பட்ஸ் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டி பேட்டரி இருக்கிறது. தினமும் பயன்படுத்தினால் இரண்டு மூன்று வருடத்தில் அது தளர்ந்துவிடும். பெரும்பாலான மாடல்களில் அதை மாற்ற வழியே கிடையாது. எவ்வளவு விலை கொடுத்தாலும் ஆயுள் அவ்வளவுதான். ஒயர் ஹெட்போன் கதை வேறு. சோனியின் எம்.டி.ஆர்.-7506 வெளிவந்தது 1991-ல். சென்ஹைசரின் எச்.டி. 600 வந்தது 1997-ல். இரண்டும் இன்றைக்கும் விற்பனையில் இருக்கின்றன. காதைச் சுற்றும் மெத்தை கிழிந்தால் மெத்தையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். முப்பது வருடத்துக்கு முந்தைய போனை இன்று யாராவது வைத்திருக்கிறார்களா? அதனால், தேய்ந்து போகிற ப்ளூடூத்துக்கு அளவாகச் செலவு செய்யுங்கள். கொஞ்சம் தாராளமாகச் செலவு செய்ய ஆசையிருந்தால் அதை ஒயர் ஹெட்போனில் போடுங்கள்.

பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதைப் படிக்கவும் ஒரு பழக்கம் வேண்டும். ‘இ.என்.சி.’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். வெளிச் சத்தத்தை அடக்கும் என்று நம்பி வாங்கிப் போகிறவர்கள் ஏராளம். அது உங்கள் காதுக்கானதே இல்லை! நீங்கள் பேசும்போது உங்களைச் சுற்றியிருக்கும் சத்தம் எதிர்முனையில் இருப்பவருக்குக் குறைவாகப் போய்ச் சேருவதற்கான ஏற்பாடு அது. உங்கள் காதுக்கு அமைதி தருவது ‘ஏ.என்.சி.’. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

‘40 மணி நேரம் ஓடும்’ என்றால் பெரும்பாலும் பெட்டியின் சார்ஜையும் சேர்த்துச் சொல்கிறார்கள். ஒருமுறை காதில் மாட்டினால் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். ‘13 மி.மீ. டிரைவர்’ என்று, ஒலியை எழுப்பும் பாகத்தின் அளவைப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரிதாக இருப்பதாலேயே ஒலி நன்றாகிவிடாது. ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்’ என்பது எல்லாப் பெட்டியிலும் இருக்கும். அது மனிதக் காது கேட்கும் எல்லை, அவ்வளவுதான். அடித்துக் காட்டும் எம்.ஆர்.பி.யையும் பொருட்படுத்தாதீர்கள். 4,990-ஐ அடித்து 999 போட்டிருந்தால், அது 999 ரூபாய்ப் பொருள். உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, பில் தருகிறார்களா என்பதுதான் அதைவிடப் பெரிய விஷயம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் உள்ளூர் போன் கடையில் வாங்கினாலும், மாட்டிப் பார்த்து, உங்களுக்குப் பழக்கமான ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு வாங்குங்கள். காதுக்குள் போகும் பொருளைப் பல கடைக்காரர்கள் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஏ.என்.சி. பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன விடுதலைப் போராளி ஒருவரின் மகன் அமர் போஸ். 1978-ல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் போகும்போது, அவருக்குக் கொடுத்த ஹெட்போனில் எஞ்சின் இரைச்சலைத் தாண்டிப் பாட்டு கேட்கவில்லை. அந்த இருக்கையிலேயே தாளில் கணக்குப் போட ஆரம்பித்தார். வெளிச் சத்தத்தை மைக்கில் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கிக் காதுக்குள் விட்டால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்பது தத்துவம். அவர் பெயரில் இயங்கும் போஸ் நிறுவனம் 1989-ல் விமானிகளுக்கான ஹெட்செட்டைக் கொண்டுவந்தது. நம்மைப் போன்றவர்களுக்கு அது 2000-க்குப் பிறகுதான் எட்டியது.

ஏ.சி., பஸ் எஞ்சின், விமானம் என்று ஒரே சீராக உறுமும் சத்தத்தை இது நன்றாக அடக்கும். பக்கத்துச் சீட்டுக் குழந்தையின் அழுகையையோ ஹாரனையோ அந்த அளவுக்கு அடக்காது. வெளியூர்ப் பயணம் அதிகம் உள்ளவர்களுக்கு அது கொடுத்த காசுக்குப் பலன் தரும். வீட்டில் இருந்தபடி கேட்பவர்களுக்கு அந்தப் பணம் மிச்சம்.

நம் காதைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. உள்காதில் சுமார் 15,000 நுண்ணிய மயிர்ச்செல்கள் இருக்கின்றன. சத்தத்தை உணர்ந்து மூளைக்கு அனுப்புவது அவைதான். தொடர்ந்த பேரொலியில் அவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. போன் உடைந்தால் வேறு வாங்கலாம். இதை எங்கே போய் வாங்குவது?

உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். 100 டெசிபல் என்றால் வாரம் முழுவதற்கும் சேர்த்தே சுமார் 20 நிமிடம். வால்யூமில் சின்ன ஏற்றம், நேரத்தில் எவ்வளவு பெரிய வெட்டு பாருங்கள்! குழந்தைகளுக்கு எல்லை இன்னும் கீழே: 75 டெசிபல், 40 மணி நேரம். உலகத்தில் 100 கோடிக்கு மேற்பட்ட இளைஞர்கள் இப்படிக் கேட்டே செவித்திறனை இழக்கும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று அந்த நிறுவனம் எச்சரிக்கிறது.

வீட்டில் டெசிபலை எப்படி அளப்பது? அளக்கவே வேண்டாம். வால்யூமை அறுபது சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். ஒரு கை தூரத்தில் இருப்பவர் சாதாரணமாகப் பேசினால் உங்களுக்குக் கேட்க வேண்டும். உங்கள் பாட்டு அவருக்குக் கேட்டால் அது அதிகம். பல போன்களில் அதிகபட்ச வால்யூமைப் பூட்டி வைக்கும் செட்டிங் இருக்கிறது. பிள்ளைகளின் போனில் இன்றைக்கே அதைப் போட்டுவிடுங்கள். கழற்றிய பிறகு காதுக்குள் ‘ஙொய்’ என்று இரைச்சல் கேட்டால் அது காது கொடுக்கும் எச்சரிக்கை. இரைச்சல் நிற்காமல் தொடர்ந்தால் மருத்துவரிடம் போகத் தாமதிக்கக் கூடாது.

இயர்போனைப் பகிர்ந்துகொள்ள வேண்டாம்; ஒருவர் காதின் அழுக்கும் கிருமியும் இன்னொருவர் காதுக்குப் போகும். வாரம் ஒருமுறை ரப்பரைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். காதில் சீழோ வலியோ இருக்கும்போது மாட்டவே கூடாது. வண்டி ஓட்டும்போதும், சாலையையோ தண்டவாளத்தையோ கடக்கும்போதும் காதுகள் இரண்டும் திறந்திருக்கட்டும். இதற்கு நான் காரணம் சொல்லத் தேவையில்லை. நம் ஊர்ச் சாலைகளைத் தினமும் பார்க்கிறீர்கள்.

எச்சரிக்கை மட்டுமே சொல்லிவிட்டால் போதுமா? ரசிப்பதற்காகத்தானே வாங்குகிறோம்!

புதிய இயர்போனைச் சோதிக்க நம் வாத்தியங்களைவிட நல்ல கருவி கிடையாது. ஏதாவது ஒரு கர்நாடக இசைப் பதிவில் தம்புராவைக் கவனியுங்கள். இருப்பதோ நான்கு தந்தி. ஒவ்வொன்றும் மீட்டப்பட்ட பிறகு உள்ளே அடுக்கடுக்காக மேல் சுருதிகள் மினுமினுத்து எழுந்து அடங்கும். சுமாரான இயர்போனில் அது வெறும் ரீங்காரமாகக் கேட்கும். நல்லதில் அந்த அடுக்குகள் பிரிந்து தெரியும்.

அடுத்தது மிருதங்கம். ரவைப் பசை பூசிய தொப்பிப் பக்கத்திலிருந்து எழும் ‘கும்’ உருண்டு வந்து சட்டென்று நிற்க வேண்டும். கருப்புத் திட்டு உள்ள வலந்தலையின் ‘நம்’ அதன் கூடவே கூராகக் கேட்க வேண்டும். ‘எக்ஸ்ட்ரா பேஸ்’ என்று ஊதிப் பெருக்கிய இயர்போனில் அந்த ‘கும்’ நிற்காமல் வழிந்து, பாடகரின் கீழ் ஸ்தாயியையே மூடிவிடும். இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். இதற்கு எந்த யூடியூப் விமர்சகரும் தேவையில்லை.

சினிமாப் பாட்டிலும் இந்தச் சுகம் உண்டு. ஐம்பது அறுபதுகளின் பாடல்கள் மோனோ. இரண்டு காதிலும் ஒரே ஒலிதான் வரும். குரல் தலைக்கு நடுவே நின்றால் இயர்போனில் குறை என்று நினைக்காதீர்கள். தமிழில் ஸ்டீரியோ பதிவுக்கு முன்னோடி என்று 1978-ல் வந்த ‘ப்ரியா’வைச் சொல்வார்கள். அதற்குப் பிறகு வந்த இளையராஜா பாடல் எதையாவது எடுத்துக்கொண்டு, பாட்டை விட்டுவிட்டு பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். நூறு முறை கேட்ட பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். இதற்குப் பெரிய செலவு வேண்டாம், வால்யூமும் வேண்டாம். ஒரு இருபது நிமிடம், வேறு எதையும் தொடாமல் உட்கார்ந்தால் போதும்.

கடைசியாக, நம் வீடுகளைப் பற்றி. ஒரு காலத்தில் வீட்டுக்கு ஒரு ரேடியோ; அது பாடியதைத்தான் எல்லோரும் கேட்டோம். 1979 ஜூலையில் சோனி வாக்மேன் வந்து, ஆளுக்கொரு பாட்டு என்றாக்கியது. அந்த முதல் வாக்மேனில் ஹெட்போன் செருக இரண்டு துளைகள் வைத்திருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா? பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவாகிவிடுமே என்று சோனியின் அகியோ மொரிடா கவலைப்பட்டார். அதனால் இருவர் கேட்க இரண்டு துளைகள், பாட்டைத் தணித்துவிட்டு ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள ஒரு பட்டன். கருவியைச் செய்தவருக்கே அந்த எண்ணம் இருந்திருக்கிறது.

நமக்கு இருக்க வேண்டாமா? சாப்பாட்டு நேரத்தில் கழற்றி வைப்போம். யாராவது வந்து பேசினால் ஒரு காதை அல்ல, இரண்டையும் கழற்றிவிட்டுப் பேசுவோம். பிள்ளைகளும் அப்படிச் செய்ய வேண்டும் என்றால் முதலில் நாம் செய்ய வேண்டும். நல்ல பாட்டு ஒன்று கிடைத்தால் வாரத்தில் ஒரு நாளாவது ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் கேட்போம். இயர்போன் தனிமைக்கு உதவட்டும். வீட்டைத் தனித்தனியாகப் பிரித்துவிட வேண்டாம்.

உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த ஆஃபர் வருவதற்கு முன், கையில் இருக்கும் இயர்போனையே சரியான அளவு ரப்பரோடு, வால்யூமை இரண்டு படி குறைத்து, ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும் என்று தோன்றிவிடும். அந்தப் பணம் வேறு செலவுக்கு ஆகும். போதவில்லை என்றால் என்ன போதவில்லை என்பது இப்போது உங்களுக்குத் தெளிவாகத் தெரியும்: மைக்கா, வெளிச் சத்தத்தை அடைப்பதா, பேட்டரியா, ஒலியின் தெளிவா? அதைச் சொல்லிக் கேளுங்கள். தேவையைத் தெரிந்துகொண்டு வருகிறவரை எந்த விற்பனையாளரும் சுலபத்தில் ஏமாற்ற முடியாது.

அன்புடன்,
ஆசிரியர்